ஆல்ஜினேட் மணிக்குள் புரதம்: பி.எச். பார்த்துத் திறக்கும் ஹைட்ரோஜெல்லைச் செய்வதும் சோதிப்பதும்

பாதாம் பிசினில் ஒரு துண்டை இரவில் தண்ணீரில் போட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். ஜிகர்தண்டா குடித்து வளர்ந்தவர்களுக்குப் பழகிய காட்சிதான். அந்தக் கண்ணாடிக் கூழில் பெரும்பங்கு தண்ணீர். அதைச் சிந்தாமல் பிடித்து வைத்திருப்பது கொஞ்சமே கொஞ்சம் பாலிமர் வலை. ஹைட்ரோஜெல் என்றால் இவ்வளவுதான்.

வலையின் இழைகளில் மின்னேற்றம் இருந்தால் வேடிக்கை தொடங்கும். பயன்படுத்தாத டயப்பர் ஒன்றைக் கிழித்து, உள்ளே இருக்கும் தூளைத் தண்ணீரில் ஊறவிடுங்கள். ஊதிய கூழின்மேல் ஒரு ஸ்பூன் உப்பைத் தூவினால் சில நிமிடங்களில் அது தளர்ந்து தண்ணீரைக் கக்கிவிடும். உப்பின் இடத்தில் அமிலம், வெப்பம், சர்க்கரை என்று எதையாவது வையுங்கள். தண்ணீரின் இடத்தில் மருந்தை வையுங்கள். தூண்டலுக்கு இணங்கி மருந்தை விடும் ஜெல் என்ற மொத்தத் துறையும் அதற்குள் அடங்கும்.

துறை பழையது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்டர்லேயும் டிராஹோஸ்லாவ் லிம்மும் 1960இல் உடம்புக்கு ஒத்துவரும் நீர் ஏற்கும் ஜெல்களைப் பற்றி எழுதினார்கள். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அங்கிருந்து வந்தது. 1978இல் எம்.ஐ.டி.யில் டோயோய்ச்சி தனாகா, அசிட்டோன் கலந்த நீரில் பாலிஅக்ரிலமைடு ஜெல் ஒரு எல்லையைத் தாண்டியதும் சட்டென்று சுருங்கிவிடுவதைக் காட்டினார். ஜெல்லை ‘ஸ்மார்ட்’ என்று அழைக்கும் வழக்கத்துக்கு அந்தச் ‘சட்டென்று’ தான் காரணம்.

இந்த வழிகாட்டி எம்.ஃபார்ம்., எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு முதல்முறையாக ஜெல் மணி செய்யப் போகிறவர்களுக்கானது. மணி செய்வது ஒரு முற்பகல் வேலை. அதைத் திறந்தது எது என்று கண்டுபிடிப்பதில்தான் மீதி மாதங்கள் போகும். அதனால் செய்முறையைவிடச் சோதனைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: எந்தத் தூண்டல்?

வெப்பம் என்றால் எல்லோரும் பாலி-என்-ஐசோபுரோப்பைல்அக்ரிலமைடு பக்கம் போவார்கள். சுமார் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஊதியிருக்கும், மேலே போனால் சுருங்கும். உடம்புச் சூடு 37 என்பதால் வசதியான எண். ஆனால் அதன் மோனோமர் நச்சு. ஜெல்லாக்கும்போது உருவாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் உள்ளே இருக்கும் புரதத்தையும் சும்மா விடாது. ஜெல் செய்து, பலமுறை கழுவி, அதன்பிறகு புரதக் கரைசலில் ஊறவைத்துத்தான் ஏற்ற வேண்டும். வெப்பம்தான் வேண்டும் என்றால் பொலாக்ஸமர் 407 எளிது: குளிரில் 20 சதவீத அளவில் கரைத்தால் திரவம், உடம்புச் சூட்டில் ஜெல். அது நெடுநேரம் நிற்காது, சுற்றியுள்ள நீரில் கரைந்து போகும்.

குளுக்கோஸைப் பார்த்து இன்சுலின் விடும் ஜெல் எல்லோருக்கும் கனவு. வழிகள் இருக்கின்றன: குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்சைமை உள்ளே வைத்தால் சர்க்கரை குளுகோனிக் அமிலமாகி பி.எச். இறங்கும், ஃபீனைல்போரானிக் அமிலத்தைக் கோர்த்தால் சர்க்கரையே நேராக ஒட்டும். சர்க்கரை ஏறியவுடன் திறப்பதும் இறங்கியவுடன் மூடுவதும் போதிய வேகத்தில் நடக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். ஆறு மாத புராஜெக்ட்டில் இதைத் தொட வேண்டாம்.

மிச்சம் பி.எச். இரைப்பையில் அமிலம், குடலில் நடுநிலை. அதற்குக் கால்சியம் ஆல்ஜினேட்டைவிட எளிய தொடக்கம் எனக்குத் தெரியாது. ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் இறங்கிச் சேகரிக்கும் கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் இதற்கான மூலப்பொருள்களே. வெப்பம் வேண்டாம், கரிமக் கரைப்பான் வேண்டாம். கால்சியம் பட்டவுடன் ஜெல்லாகிவிடும் என்பதால் புரதத்துக்குச் சேதம் குறைவு.

படி 2: புரதத்தின் அளவும் மின்னேற்றமும்

ஆல்ஜினேட் சங்கிலியில் மன்னுரோனிக், குலுரோனிக் என்று இரண்டு சர்க்கரை அமிலங்கள். குலுரோனிக் தொடர்ச்சியாக வரும் இடங்களில் சங்கிலி மடிப்பு மடிப்பாக இருக்கும். இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே வந்து, அந்தக் குழிகளில் கால்சியம் அயனிகள் உட்காரும், முட்டை ட்ரேயில் முட்டை உட்காருவது போல. 1973 முதல் இந்தப் படம்தான் பாடப்புத்தகங்களில்.

வலையின் கண்கள் சில நானோமீட்டரில் தொடங்கி நூற்றுக்கும் மேல் வரை சீரில்லாமல் இருக்கும். இன்சுலினின் மூலக்கூறு எடை 5.8 கிலோடால்டன், கண்ணில் புகுந்து போய்விடும். பயிற்சிக்கு எல்லோரும் எடுக்கும் பி.எஸ்.ஏ., அதாவது மாட்டு இரத்த ஆல்புமின், 66 கிலோடால்டன், குறுக்களவு ஏறக்குறைய 7 நானோமீட்டர். ஓரளவு தங்கும்.

அளவைவிட மின்னேற்றம் அதிகம் ஏமாற்றும். பி.எஸ்.ஏ.வின் ஐசோஎலக்ட்ரிக் புள்ளி, அதாவது அதன் மொத்த மின்னேற்றம் பூஜ்யமாகும் பி.எச்., 4.7 அளவில். பி.எச். 7.4இல் அது எதிர்மின், ஆல்ஜினேட்டும் எதிர்மின், ஒன்றையொன்று தள்ளும். பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் என்சைமான லைசோசைம் 14 கிலோடால்டன்தான், ஆனால் அதன் புள்ளி 11 பக்கம். நேர்மின்னாக இருந்து ஆல்ஜினேட்டோடு ஒட்டிக்கொள்ளும். சிறிய புரதம் சீக்கிரம் வெளியேறும் என்று எதிர்பார்த்தவர் இங்கே தலையைச் சொறிவார். உங்கள் புரதத்தின் புள்ளியைத் தேடி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

படி 3: கரைசல்கள்

20 மி.லி. கலவைக்கான கணக்கு இது. 2.5 சதவீத சோடியம் ஆல்ஜினேட் 16 மி.லி.; மி.லி.க்கு 25 மி.கி. வீதம் பி.எஸ்.ஏ. 4 மி.லி. இரண்டும் சேர்ந்தால் ஆல்ஜினேட் 2 சதவீதம், புரதம் மி.லி.க்கு 5 மி.கி., மொத்தம் 100 மி.கி.

காய்ச்சி வடித்த நீர் மட்டும். போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையே பீக்கருக்குள் ஆல்ஜினேட்டை ஜெல்லாக்கிவிடும்.

ஆல்ஜினேட் தூளை மொத்தமாகக் கொட்டக் கூடாது. கேழ்வரகு மாவைக் கொதிநீரில் ஒரேயடியாகக் கொட்டினால் என்ன ஆகுமோ அதேதான்: வெளியே வழுவழு, உள்ளே காய்ந்த மாவு. ஸ்டிரரை வேகமாகச் சுழலவிட்டு, சுழிக்குள் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். தூவி முடித்ததும் வேகத்தைக் குறைத்து இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். பிறகு இரவு முழுக்கக் குளிர்பெட்டியில்; காற்றுக் குமிழிகள் மேலேறிப் போய்விடும்.

புரதத்தைத் தனியே கரைத்து, மறுநாள் காலையில் மெதுவாகக் கலக்குங்கள். நுரை வந்தால் புரதம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். காற்றும் நீரும் சேருமிடத்தில் அது விரிந்து உருக்குலையும்.

கால்சியம் குளோரைடு 0.1 மோலார், 200 மி.லி. பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். டைஹைட்ரேட் என்றால் 2.94 கிராம், நீரற்றது என்றால் 2.22 கிராம். நீரற்ற உப்பு நம் ஊர்க் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடும், எடை நம்பகமில்லை. டைஹைட்ரேட்டே மேல்.

படி 4: சொட்டு

10 மி.லி. சிரிஞ்ச், 22 கேஜ் ஊசி. ஊசியின் சாய்ந்த நுனியை அரத்தில் தேய்த்துத் தட்டையாக்குங்கள். இல்லாவிட்டால் சொட்டு ஒருபக்கமாக ஏறி நின்று பெரிதும் சிறிதுமாக விழும். ஊசி நுனிக்கும் கரைசல் மட்டத்துக்கும் இடையே 5 முதல் 8 செ.மீ. மிக அருகில் வைத்தால் மணிக்கு வால் முளைக்கும், தவளைக் குஞ்சு போல. மிக உயரத்தில் வைத்தால் மோதித் தட்டையாகும். ஸ்டிரர் மெதுவாகச் சுழலட்டும், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க.

முதல் சொட்டு விழுவதை உட்கார்ந்து பாருங்கள். நீரில் பட்ட கணமே ஓரம் தெளிவாகத் தெரியும் ஒரு தோல் உருவாகும். நடு இன்னும் திரவம். கால்சியம் வெளியிலிருந்து உள்ளே போகிறது, அதே நேரத்தில் புரதம் உள்ளிருந்து வெளியே கசிகிறது. இந்தப் போட்டியால்தான் ஊறவிடும் நேரம் முக்கியம். அதிகம் விட்டால் மணி உறுதி, புரதம் குறைவு. நான் கடைசிச் சொட்டிலிருந்து 20 நிமிடம் வைப்பேன். 20க்கும் 30க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒவ்வொரு நேரம் வைப்பதுதான் கெடுதல்.

மணிகள் 2 முதல் 3 மி.மீ. வரும். ஒரு மி.லி.க்கு ஏறத்தாழ நூறு. விட்டத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்: ஊடுருவலுக்கு ஆகும் நேரம் ஆரத்தின் வர்க்கத்தோடு போகும். மணி பாதி அளவானால் புரதம் வெளியேற ஆகும் நேரம் கால்பங்கு. இரண்டு பேட்ச்சுகளை ஒப்பிடும் முன் குறைந்தது 30 மணிகளையாவது அளந்துவிடுங்கள்.

படி 5: எவ்வளவு உள்ளே போனது

கால்சியம் கரைசலையும் கழுவிய நீரையும் கொட்டிவிடாதீர்கள். அதில்தான் கணக்கு இருக்கிறது. உதாரணமாக, 200 மி.லி. கரைசலில் மி.லி.க்கு 0.06 மி.கி. என்றால் 12 மி.கி. போய்விட்டது, 50 மி.லி. கழுவு நீரில் 0.04 என்றால் இன்னொரு 2 மி.கி. போட்டது 100, போனது 14, ஏற்றம் 86 சதவீதம். பீக்கர் சுவரிலும் சிரிஞ்சிலும் தங்கிய கலவையை எடைபோட்டுக் கழித்த பிறகுதான் இந்த 100 உண்மையான 100.

கழித்தல் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். பத்து மணிகளை 0.1 மோலார் சோடியம் சிட்ரேட்டில் போட்டுக் குலுக்குங்கள். சிட்ரேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், மணி கரைந்துவிடும். அதில் புரதத்தை நேரடியாக அளந்து பாருங்கள். இரண்டு எண்களும் ஒட்டவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

படி 6: கைட்டோசான் உறை (வேண்டுமானால்)

1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 0.5 சதவீத கைட்டோசான், பி.எச். 5க்கு உயர்த்தி, மணிகளை 30 நிமிடம் போடுங்கள். இறால் ஓட்டிலிருந்து வரும் இந்தப் பாலிமர் நேர்மின். ஆல்ஜினேட்டின் மேல் தோலாகப் படியும், கசிவு குறையும். நடுநிலை பி.எச்.சில் கைட்டோசானின் மின்னேற்றம் வடிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் சுற்றில் உறையில்லாமல் செய்து பழகுங்கள். இல்லாவிட்டால் எது எதனால் என்று தெரியாது.

மணிகளை உலர்த்தலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். உலர்ந்த மணி வேறொரு பொருள். அதன் வலை நெருங்கிவிடும், சில இடங்களில் விரிசலும் விடும். ஈரமாகவே வைத்து, அன்றே சோதியுங்கள்.

படி 7: நான்கு பாத்திரம்

நூறில் தொண்ணூறு புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரே படம்தான்: பி.எச். 1.2இல் இரண்டு மணி நேரம், கொஞ்சமாக வெளியேற்றம், பிறகு பி.எச். 7.4 பாஸ்பேட் பஃபர் (பி.எச்.சை மாறாமல் வைக்கும் கரைசல்), கோடு செங்குத்தாக ஏறுகிறது. ‘மணி பி.எச்.சை உணர்ந்து திறந்தது’ என்று முடிவு.

அமிலத்தில் நடப்பது சரிதான். ஆல்ஜினேட்டின் கார்பாக்சில் குழுக்களின் பி.கே.ஏ., அதாவது அவற்றில் பாதி புரோட்டானை விட்டிருக்கும் பி.எச்., 3.4க்கும் 3.7க்கும் இடையில், 1.2இல் அவை புரோட்டான் ஏற்று மின்னேற்றம் இழக்கும், மணி சுருங்கும், புரதம் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆனால் அதே அமிலம் கால்சியத்தையும் வெளியேற்றிவிடும். இப்போது மணி ஆல்ஜினிக் அமிலக் கட்டி. பூட்டு இல்லாத பெட்டி. நடுநிலைக்கு வந்ததும் அது சோடியம் ஆல்ஜினேட்டாகிக் கரைகிறது.

அதோடு பாஸ்பேட். பாஸ்பேட்டுக்குக் கால்சியம் என்றால் உயிர். முட்டை ட்ரேயிலிருந்து முட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொள்ளும். பஃபரில் இருக்கும் சோடியமும் அந்த இடங்களுக்குப் போட்டியிடும். அப்படியானால் திறந்தது பி.எச்.சா, பாஸ்பேட்டா, சோடியமா? ஒரே பாத்திரத்தை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

அதனால் நான்கு வையுங்கள், எல்லாம் 37 டிகிரியில், மெதுவான ஆட்டத்தில்:

- அமிலம் இரண்டு மணி நேரம், பிறகு பாஸ்பேட் 7.4
- அமிலமே காட்டாமல் நேராகப் பாஸ்பேட் 7.4
- பாஸ்பேட் இல்லாத டிரிஸ் பஃபர் 7.4, முந்தையதற்கு இணையான சோடியம் குளோரைடுடன்
- அதே டிரிஸ், உப்பு இல்லாமல், 2 மில்லிமோலார் கால்சியத்துடன்

கடைசிப் பாத்திரத்தில் மணிகள் மாலைவரை முழுசாகக் கிடந்து, இரண்டாவதில் கரைந்து போனால், 7.4 என்ற எண் மட்டும் கதவைத் திறக்கவில்லை என்று தெரிந்துவிடும். இதனால் மணி பயனற்றது என்று ஆகாது. குடலிலும் சோடியம் உண்டு, பைகார்பனேட் உண்டு, அங்கேயும் மணி கரையும். நீங்கள் எழுதும் வாக்கியம்தான் மாற வேண்டும்.

படி 8: மாதிரி எடுப்பதும் அளப்பதும்

2 மி.லி. கலவையிலிருந்து வந்த மணிகள், 50 மி.லி. பஃபர். போட்டது 10 மி.கி., ஏற்றம் 86 சதவீதம் என்றால் உள்ளே 8.6 மி.கி. ஒவ்வொரு முறையும் 1 மி.லி. எடுத்து, அதே சூட்டில் 1 மி.லி. புதிய பஃபர் விடுங்கள். எடுத்ததைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். 1 மணி நேரத்தில் மி.லி.க்கு 0.040 மி.கி. என்றால் 2 மி.கி., அதாவது 23 சதவீதம். 2 மணி நேரத்தில் 0.090 என்றால் 4.5 மி.கி.யோடு, முன்பு எடுத்துவிட்ட 0.04ஐயும் கூட்ட வேண்டும்: 4.54 மி.கி., 53 சதவீதம்.

என் முதல் கோடு நூறைத் தாண்டிப் போய் நின்றது. உள்ளே வைத்ததைவிட அதிகப் புரதம் வெளியே! இரண்டு நாள் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். பிறகு குவெட்டை (கருவிக்குள் மாதிரியை வைக்கும் சிறு குப்பி) ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மாதிரி லேசாகப் பால் கலந்ததுபோல் இருந்தது. மணியிலிருந்து வந்த கால்சியமும் பஃபரின் பாஸ்பேட்டும் சேர்ந்த கலங்கல். கருவிக்கு அதுவும் ஒளியை மறைக்கும் பொருள்தான். புரதம் என்று எண்ணிவிட்டது.

அதன்பிறகு மூன்று வழக்கங்கள் வைத்துக்கொண்டேன். மாதிரியை அளக்கும் முன் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுவது. புரதம் இல்லாத வெற்று மணிகளை இணையாக ஓட்டி, அந்த நீரையே பிளாங்க்காக, அதாவது பூஜ்ய அளவாக, வைப்பது. தெரிந்த அளவுப் புரதங்களை வைத்து வரையும் ஸ்டாண்டர்டு கர்வையும் அதே வெற்று மணி நீரில் போடுவது, ஏனென்றால் கரைந்த ஆல்ஜினேட்டும் அளவீட்டில் குறுக்கிடக்கூடும்.

280 நானோமீட்டரில் அளந்தால் மி.லி.க்கு 1 மி.கி. பி.எஸ்.ஏ. ஏறத்தாழ 0.66 காட்டும், நம் அளவுகளுக்கு அது பலவீனமான சமிக்ஞை, கலங்கலும் அங்கேதான் அதிகம் கெடுக்கும். 1976இல் வந்த பிராட்ஃபோர்டு முறை (புரதத்தோடு சேர்ந்தால் நீலமாகும் சாயம்), 595 நானோமீட்டரில், இங்கே பொருந்தும். சாயம் குவார்ட்ஸ் குவெட்டில் நீலமாகப் பிடித்துக்கொள்ளும், பிளாஸ்டிக் குவெட்டே போதும். குவார்ட்ஸைக் கறைப்படுத்திவிட்டு லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

படி 9: ஊதல்

இது எளிது, சலிப்பும் கூட. எடை போட்ட மணிகளை ஒவ்வொரு பஃபரிலும் போட்டு, குறித்த நேரத்தில் எடுத்து, ஃபில்டர் பேப்பரில் ஒற்றி, எடை போடுங்கள். ஒற்றும் நேரம் எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். நான் பத்து எண்ணுவேன். வந்த எடையில் தொடக்க எடையைக் கழித்து, தொடக்க எடையால் வகுத்தால் ஊதல் விகிதம். வெளியேற்றக் கோட்டையும் இதையும் ஒரே தாளில் வரையுங்கள். ஊதல் முன்னே போய் வெளியேற்றம் பின்னே வந்தால் ஒரு கதை. மணி உடைந்து எடை இறங்கும்போது வெளியேற்றம் பாய்ந்தால் வேறு கதை.

படி 10: சமன்பாடு பொருத்துவது

கோர்ஸ்மேயர்–பெப்பாஸ் சமன்பாட்டில் வெளியேறிய பங்கு, நேரத்தின் ஒரு அடுக்காக ஏறுகிறது. வெளியேற்றம் 60 சதவீதத்தைத் தொடும் வரையான புள்ளிகளுக்கு மட்டும் பொருத்துங்கள். கோள வடிவத்துக்கு அடுக்கு 0.43 என்றால் வெறும் ஊடுருவல், 0.85 என்றால் வலை தளர்வதுதான் வேகத்தை முடிவு செய்கிறது. 0.5, 1.0 என்ற எண்கள் தட்டையான தகட்டுக்கானவை. மணிக்கு அவற்றை வைத்து விளக்கம் எழுதியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மணி கரைந்து காணாமல் போகும் பாத்திரத்துக்கு இந்தச் சமன்பாடே பொருந்தாது. எக்செல் ஒரு எண்ணைத் தரும், ஆர் ஸ்கொயர் 0.98 என்றும் காட்டும். அழகாக இருக்கும், அர்த்தம் இருக்காது.

படி 11: வெளியே வந்தது வேலை செய்கிறதா

பிராட்ஃபோர்டு சாயத்துக்கு உயிருள்ள புரதமும் உருக்குலைந்த புரதமும் ஒன்றுதான். பி.எஸ்.ஏ.வை வைத்து முறையைப் பழகிய பிறகு, ஒரு பேட்ச்சாவது லைசோசைமில் செய்யுங்கள். *மைக்ரோகாக்கஸ்* பாக்டீரியாவின் கலங்கலான கரைசலில் மாதிரியை விட்டு, 450 நானோமீட்டரில் கலங்கல் தெளியும் வேகத்தைப் பார்த்தால் என்சைம் இன்னும் வேலை செய்கிறதா என்று தெரியும். இரண்டு மணி நேர அமிலத்துக்குப் பிறகும் இதைச் செய்யுங்கள். இரைப்பை என்சைமான பெப்சின் மணிக்குள் நுழைய சிரமப்படலாம். ஹைட்ரஜன் அயனிக்கு எந்த வலையும் தடையில்லை. பூட்டிய பெட்டிக்குள்ளும் புரதம் அமிலத்தில்தான் கிடந்திருக்கிறது.

சந்தைக்கு வந்தவை

சந்தையில் இப்படி என்ன இருக்கிறது என்று புராஜெக்ட் கைட் கேட்பார் என்பதால் சொல்லிவைக்கிறேன். பிரசவ வலியைத் தொடங்க உதவும் செர்விடில், 10 மி.கி. டைனோப்ரோஸ்டோனை வைத்திருக்கும் ஹைட்ரோஜெல் தகடு. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 0.3 மி.கி. வீதம் 12 மணி நேரம் விடும். தேவையென்றால் நாடாவைப் பிடித்து இழுத்து நிறுத்திவிடலாம். 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 2021இல் நிறுத்தப்பட்ட வான்டாஸ், தோலுக்கடியில் ஓராண்டுக்கு ஹிஸ்ட்ரெலின் என்ற ஹார்மோன் மருந்தை விட்ட ஹைட்ரோஜெல் குச்சி. இரண்டும் நீரில் ஊறி, ஊடுருவலால் சீராக விடுபவை. எதையும் உணர்ந்து திறப்பவை அல்ல. தூண்டலுக்கு இணங்குவதற்கு மருந்துக்கடையில் உதாரணம் வேண்டுமென்றால் நெஞ்செரிச்சலுக்கான கேவிஸ்கான் திரவத்தைச் சொல்லலாம்: இரைப்பை அமிலம் பட்டதும் அதிலுள்ள ஆல்ஜினேட் ஜெல்லாகி, பைகார்பனேட்டிலிருந்து வரும் வாயுவைப் பிடித்துக்கொண்டு தெப்பம்போல் மேலே மிதக்கும்.

வைவாவுக்குப் போகும்போது நான்காவது பாத்திரத்தின் மணிகளை ஒரு சின்னக் குப்பியில் கொண்டுபோங்கள். 7.4இல் அது ஏன் கரையவில்லை என்று கேட்பார்கள். உங்களுக்குச் சொல்ல விஷயம் இருக்கும்.